எட்டு வாரம் காத்திருக்கும் விஞ்ஞானி

இரண்டு வாரத்திற்கு மேல் விடாமல் இருமுகிற ஒருவர் திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது மருந்து அன்று. மூடி போட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா. "காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன், நன்றாக மூச்சை இழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியை இதில் பிடித்து வாருங்கள்" என்கிறார் ஆய்வகப் பணியாளர்.

அந்தச் சளி இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். முதல் கேள்வி: இதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா? இரண்டாவது கேள்வி: இருந்தால், அது எந்த மருந்துக்குச் சாகும், எந்த மருந்துக்குச் சாகாது?

முதல் கேள்விக்கு விடை காண 1882-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் வழி காட்டிவிட்டார். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். இன்று நாம் பயன்படுத்தும் இந்தச் சாயமேற்றும் முறையை அவருக்குப் பின் வந்த சீல், நீல்சன் என்ற இருவர் செம்மைப்படுத்தினர். இரண்டாவது கேள்விதான் கடினமானது. மருந்துக்குச் சாகிற கிருமியும் சாகாத கிருமியும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரிதான் தெரியும். அவற்றைப் பிரித்தறிவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட விஞ்ஞானிகள் நம் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று பார்ப்போமா?

ஒரு மருந்து தோற்ற கதை

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க் கிருமியைக் கொன்ற முதல் நல்ல மருந்து அது. உலகமே மகிழ்ந்தது.

பிரிட்டனில் 1947-இல் இந்த மருந்தை முறைப்படி சோதித்தார்கள். கடுமையான காசநோய் கொண்ட 55 பேருக்குப் படுக்கை ஓய்வும் ஸ்ட்ரெப்டோமைசினும் தரப்பட்டன. 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். மருந்து வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது நிலைமை வேறாக இருந்தது. மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்து போயிருந்தனர். முதலில் கிடைத்த பெரும் நன்மை எங்கே போயிற்று?

ஆய்வகம் விடை சொன்னது. நோயாளிகள் பலரின் சளியிலிருந்த கிருமிகள் சில மாதங்களிலேயே ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அசையாதவையாகிவிட்டிருந்தன.

பழக்கமா, பிறப்பா?

கிருமிகள் மருந்தைப் 'பழகிக்கொண்டன' என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. 1952-இல் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் தம்பதியர் ஓர் எளிய சோதனை மூலம் இதை விளக்கினர். ஒரு தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்து, அதன் மேல் வெல்வெட் துணியை ஒற்றி எடுத்து, ரப்பர் முத்திரை குத்துவது போல வேறு பல தட்டுகளில் பதித்தார்கள். அந்தத் தட்டுகளில் மருந்து கலந்திருந்தது. ஒவ்வொரு தட்டிலும் ஒரே இடத்தில்தான் கிருமிகள் பிழைத்து வளர்ந்தன. அப்படியானால், முதல் தட்டிலேயே, மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த இடத்தில் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் இருந்திருக்கின்றன!

கிருமி இரண்டாகப் பிரியும்போது அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ.யும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை நேர்கிறது. அந்தப் பிழை தற்செயலாகக் கிருமிக்கு மருந்திலிருந்து தப்பும் வழியைத் தந்துவிடுகிறது. நெல் வயலில் களையெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெற்பயிரைப் போலவே தோற்றமளிக்கும் ஒருவகைப் புல் களையெடுப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். மற்ற களைகள் போனபின் அந்தப் புல்தான் தழைக்கும். களையெடுத்தவர் அந்தப் புல்லைப் படைக்கவில்லை. அது தழைக்க இடம் விட்டார். மருந்தும் அப்படித்தான்.

ஒரு பெருக்கல் கணக்கு

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய் முற்றிய ஒருவரின் நுரையீரலில் ஏற்படும் குழியில் சுமார் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோனியாசிட் என்ற மருந்தை எதிர்க்கும் கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே அந்தக் குழியில் ஐசோனியாசிட்டுக்குச் சாகாத 100 கிருமிகள் இருக்கும். ரிஃபாம்பிசின் என்ற மருந்தை எதிர்ப்பது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. அந்தக் குழியில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று இருக்கலாம்.

ஐசோனியாசிட்டை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? மற்றவை அழிந்து 100 மிஞ்சும். காசநோய்க் கிருமி இரண்டாவதற்குச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. 100 என்பது 20 முறை இரட்டித்தால் மீண்டும் 10 கோடிக்கு மேல் போய்விடும். ஆய்வகத்து வேகத்தில் இதற்கு 17 நாள் போதும். உடலில் இன்னும் கூடுதலாகும். ஆனால் இப்போது இருக்கும் 10 கோடியும் ஐசோனியாசிட்டுக்குச் சாகாதவை. மருத்துவர் பதறி ரிஃபாம்பிசினைச் சேர்த்தாலும், அந்த 10 கோடியில் ரிஃபாம்பிசினை எதிர்ப்பது ஒன்று இருக்குமே! அது இரண்டு மருந்துக்கும் சாகாத பரம்பரையைத் தொடங்கிவிடும்.

இரண்டு மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுத்தால்? இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி எத்தனையில் ஒன்று? 10 லட்சத்தை 10 கோடியால் பெருக்குங்கள். 1-க்குப் பின் 14 சுழியங்கள்! அதாவது கோடியைக் கோடியால் பெருக்கிய தொகை. நுரையீரலில் இருப்பதோ வெறும் 10 கோடி. இத்தகைய 10 லட்சம் நோயாளிகளின் கிருமிகளை ஒன்றாகச் சேர்த்தால்தான் அப்படி ஒரே ஒரு கிருமி அகப்படும். இரண்டு மருந்து தப்ப விடாமல் பிடிப்பதன் இரகசியம் இந்தப் பெருக்கலில்தான் உள்ளது. இன்று முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் என நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் இதனால்தான். அவற்றில் ஒன்றுக்குக் கிருமி ஏற்கெனவே அசையாததாக இருந்தாலும் மற்றவை காவல் காக்கும்.

சேத்துப்பட்டிலிருந்து உலகுக்கு

இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்காமல் நோயாளியின் வீடு வரை சென்றதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையம்தான் பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு வேண்டும் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. நம் நாட்டில் நோயாளிகளோ ஏராளம். படுக்கைகளோ மிகக் குறைவு. ஆகவே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில், தத்தம் வீட்டில். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஓராண்டு காலம்.

1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டிலிருந்தவர்கள் குறைவாக உண்டார்கள், குறைவாக ஓய்வெடுத்தார்கள். ஆனாலும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்துதான் முக்கியம், கட்டில் அன்று என்பது நிலைநாட்டப்பட்டது.

இந்த முடிவுக்கு ஆதாரம் எது? மாதந்தோறும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த சளிதான். 'உடம்பு தேறிவிட்டது' என்று நோயாளி சொல்வதையும், எக்ஸ்ரே படத்தையும் மட்டும் நம்பாமல், கிருமி உயிரோடு இருக்கிறதா, எந்த மருந்தை எதிர்க்கிறது என்று கேட்டது ஆய்வகம். மருந்தை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று அறிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பணியாளர் கண் முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறையும் இங்கே வளர்ந்து பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது.

ஆய்வகத்தின் உள்ளே

காசநோய்க் கிருமியை வளர்க்கும் ஆய்வகத்திற்குள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. உள்ளே காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்காற்று வெளியே வராது. வெளியேற்றப்படும் காற்று நுண்ணிய வடிகட்டிகளைக் கடந்துதான் செல்லும். உள்ளே பணிபுரிவோர் மேலங்கியும் கையுறையும் சிறப்பு முகக்கவசமும் அணிந்து, கண்ணாடித் தடுப்புள்ள பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்கிறார்கள்.

சளியில் காசநோய்க் கிருமி மட்டுமா இருக்கும்? வாயிலுள்ள எல்லாப் பாக்டீரியாக்களும் இருக்கும். அவற்றில் சில 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் காசநோய்க் கிருமி இந்த ஓட்டப்பந்தயத்தில் வெல்ல முடியாது. எனவே முதலில் சளியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள். மெழுகு போன்ற கெட்டியான மேலுறை இருப்பதால் காசநோய்க் கிருமி அதைத் தாங்கிக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் அழியும். அதிக நேரம் ஊறினால் இதுவும் செத்துவிடும். குறைந்த நேரம் ஊறினால் மற்றவை பிழைத்துவிடும். நிமிடக் கணக்கு இங்கே முக்கியம்.

பிறகு அதைச் சாய்வான ஊடகமுள்ள சிறு புட்டிகளில் பூசுவார்கள். அந்த ஊடகம் எதனால் ஆனது தெரியுமா? பெரும்பகுதி கோழிமுட்டை! அதோடு சில உப்புகளும், மற்ற கிருமிகளைத் தடுக்கும் பச்சைச் சாயமும் சேர்த்து வேகவைத்தது. அதனால் பச்சை நிறப் புட்டு போலிருக்கும். சில புட்டிகளில் மருந்து கலந்திராது, சிலவற்றில் ஐசோனியாசிட், சிலவற்றில் ரிஃபாம்பிசின், இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிப் புட்டி. அனைத்தும் 37 டிகிரி வெப்பத்தில் வைக்கப்படும்.

பிறகு காத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள். கிருமிகள் பழுப்பு மஞ்சள் நிறத்தில் ரொட்டித்தூள் போல் முளைத்து வரும். 'முளைக்கவில்லை' என்று சொல்வதற்கு எட்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். மருந்தில்லாப் புட்டியில் 100 திட்டுகள் முளைத்து, ஐசோனியாசிட் புட்டியில் ஒன்றோ அதற்கு மேலோ முளைத்தால் போதும். அந்த மருந்து இந்த நோயாளிக்குப் பயன் தராது என்று முடிவு செய்கிறார்கள்.

மூத்த விஞ்ஞானியின் கையெழுத்து

புட்டிகளைப் பூசுவதும் எண்ணுவதும் இளையவர்களின் வேலை. அப்படியானால் ஆய்வகத்தின் மூத்த விஞ்ஞானி என்ன செய்கிறார்? சந்தேகப்படுகிறார்!

ஒவ்வொரு தொகுதியிலும் எச்37ஆர்வி என்ற பெயருள்ள ஒரு காசநோய்க் கிருமியையும் கூடவே வளர்ப்பார்கள். 1905-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் கிருமியின் வழித்தோன்றல் அது. அதன் டி.என்.ஏ. முழுவதும், ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள், 1998-இல் படித்தறியப்பட்டது. அது எல்லா மருந்துக்கும் சாக வேண்டிய கிருமி. அதுவே ஒரு மருந்துப் புட்டியில் முளைத்திருந்தால் என்ன பொருள்? புட்டியில் மருந்து சரியாகக் கலக்கப்படவில்லை, அல்லது வெப்பத்தில் மருந்து கெட்டுவிட்டது. அந்தத் தொகுதியின் முடிவுகள் அனைத்தையும் மூத்த விஞ்ஞானி தள்ளிவிடுவார். பல வார உழைப்பு வீண்தான். ஆனால் வேறு வழியில்லை.

ஏனென்றால் அவர் கையெழுத்திடும் தாளின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். சாகிற கிருமியைச் 'சாகாதது' என்று எழுதிவிட்டால், தேவையில்லாமல் கடுமையான மருந்துகளை அவர் உட்கொள்ள நேரும். பல ஆண்டுகள் வழக்கிலிருந்த பழைய சிகிச்சை முறை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு நீடித்தது; அதில் போடப்பட்ட ஊசிகளால் சிலருக்குக் காது கேட்காமலே போனதுண்டு. மாறாக, சாகாத கிருமியைச் 'சாகும்' என்று எழுதிவிட்டால், அவர் பயனற்ற மாத்திரைகளை நம்பி விழுங்கிக்கொண்டே வீட்டாருக்கும் நோயைப் பரப்புவார்.

தன் ஆய்வகத்தைச் சந்தேகிப்பதோடு அவர் பணி முடிவதில்லை. சேத்துப்பட்டு நிறுவனத்தின் ஆய்வகம் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஒப்பீட்டு ஆய்வகங்களுள் ஒன்று. விடை தெரிந்த கிருமிகளை, விடை சொல்லாமல், மற்ற ஆய்வகங்களுக்கு அனுப்பி அவர்களின் முடிவைச் சரிபார்ப்பார்கள். ஆய்வகங்களுக்கும் பரீட்சை உண்டு!

வட ஆர்க்காட்டின் சளி

திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1980-களில் ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகிய காலச் சிகிச்சையை அரசுத் திட்டத்தின்கீழ் முயன்று பார்த்த மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. அம்மாவட்ட நோயாளிகளின் சளி சென்னை ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டு, சிகிச்சை தொடங்கும்போதே எத்தனை பேரிடம் மருந்தை எதிர்க்கும் கிருமி இருக்கிறது என்று கணக்கெடுக்கப்பட்டது. இப்பணியை அந்நிறுவனத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் டாக்டர் சி. என். பரமசிவனும் அவர் தோழர்களும் செய்தனர். ஐசோனியாசிட்டை எதிர்க்கும் கிருமிகள் கணிசமாகவும், ரிஃபாம்பிசினை எதிர்ப்பவை சிறு அளவிலும் இருந்தன. நாடு முழுவதற்குமான இத்தகைய கணக்கெடுப்பு 2014 முதல் 2016 வரை நடந்தது. இவ்விரண்டு மருந்துகளுக்கும் சாகாத கிருமி, புதிய நோயாளிகள் 100 பேரில் ஏறத்தாழ 3 பேரிடமும், முன்பு சிகிச்சை பெற்றவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 12 பேரிடமும் இருந்தது.

3, 12 என்ற இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவில் விட்ட சிகிச்சை எவ்வளவு கேடு செய்கிறது என்பது புரியும்.

எட்டு வாரம் இரண்டு மணியானது

கிருமி முளைக்கும்வரை காத்திராமல் அதன் டி.என்.ஏ.யிலுள்ள எழுத்துப் பிழையை நேரே தேடினால் என்ன? ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமிகளில் 100-க்குச் சுமார் 95-இல், பிழை ஒரு குறிப்பிட்ட மரபணுவின் 81 எழுத்து நீளப் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. 44 லட்சத்தில் 81 எழுத்துகளை மட்டும் பார்த்தால் போதும்! 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கருவி இதை இரண்டு மணி நேரத்தில் செய்துவிடுகிறது. கோவாவில் உருவான 'ட்ரூநாட்' என்ற இந்தியக் கருவி மின்கலத்திலேயே இயங்குவதால் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம்.

அப்படியானால் முட்டைப் புட்டிகளுக்கு ஓய்வு கொடுத்துவிடலாமா? கூடாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.யும் கருவிக்குத் தெரியும். உயிருள்ளது மட்டுமே புட்டியில் முளைக்கும். பெடாகுவிலின் போன்ற புதிய மருந்துகளைக் கிருமி எதிர்க்கக் காரணமான பிழைகள் அனைத்தும் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. அந்த மருந்து உள்ள ஆறு மாதச் சிகிச்சையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நம் நாடு 2024-இல் ஏற்றது. இரண்டு ஆண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது பெரும் வெற்றி. ஆனால் 1947-இன் பாடம் இந்த மருந்துக்கும் பொருந்தும்.

காசநோய்க் கிருமி தன் எதிர்ப்பைத் தன் வாரிசுகளுக்கு மட்டுமே தருகிறது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்துவிடும்! சிறு வளையமாக உள்ள டி.என்.ஏ. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அப்படித் தாவும் என்.டி.எம்.-1 என்ற மரபணுவைப் பற்றிய முக்கியமான ஆய்வு 2010-இல் வெளிவந்தது. சென்னை தரமணியில் உள்ள பல்கலைக்கழக மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் அதில் சென்னையில் மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் அதைக் கண்டதாக எழுதினர். கடைசி ஆயுதமாக வைத்திருந்த மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் மரபணு அது. சளிக்காய்ச்சலுக்கெல்லாம் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது எவ்வளவு தவறு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இரண்டாம் மாதம் என்ற கண்ணி

காசநோய் மருந்தைத் தொடங்கி இரண்டாம் மாதம் முடிவதற்குள் பெரும்பாலோருக்கு இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை கூடும். 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். அப்போது பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் கடன் இருக்கும். மாத்திரையால் வயிற்றைப் புரட்டும்; ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது பயமுறுத்தும் - அது கெடுதலன்று. இவற்றில் ஏதோ ஒரு காரணத்தால் மாத்திரை நின்றுவிடுகிறது. நுரையீரலின் மூலையில் உறங்கும் சில கிருமிகளை ஒழிக்கத்தான் மீதி நான்கு மாதம் என்பது அவருக்கு யாரும் சொல்லாமல் விடுபட்டிருக்கலாம்.

வேலைக்கு வெளியூர் போகிறவர் சிகிச்சையை விட வேண்டியதில்லை. முன்கூட்டிச் சொன்னால், போகும் ஊரிலுள்ள அரசு மருத்துவமனைக்கே அவர் பெயரை மாற்றித் தருவார்கள். மருந்து எங்கும் இலவசம். இந்தச் செய்தியை உங்கள் தெருவில் ஒருவருக்குச் சொல்ல உங்களால் முடியும். நோயாளியை ஒதுக்கிவைக்கவும் வேண்டாம். சரியான மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுபவர் சில வாரங்களிலேயே நோயைப் பரப்பாதவராகிவிடுகிறார். வீட்டுச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்றும் வெயிலும் இந்தக் கிருமிக்குப் பகை.

உங்களில் யாருக்கேனும் இந்த ஆய்வக வேலையில் ஆசை பிறந்தால், பள்ளியில் உயிரியலையும் வேதியியலையும் நன்றாகப் படியுங்கள், கணக்கை விட்டுவிடாதீர்கள். கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்து, பிறகு ஆராய்ச்சிப் பட்டம் பெறலாம். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பயிற்சியும் வேண்டும். ஒரு விதையை ஊன்றி, நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து, கண்டதை மட்டும் - எதிர்பார்த்ததை அன்று - தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எட்டு வாரம் ஒரு நாள் விடாமல் எழுத முடிந்தால், அந்த ஆய்வகத்தின் முதல் படியில் நீங்கள் கால் வைத்துவிட்டீர்கள்.